கோழிகள் பார்த்த முப்பத்தாறு மணி நேரம்

பஸ்ஸில் குனிந்த தலைகளை எண்ணுவது எனக்குப் பல வருடப் பழக்கம். ராசிபுரத்தில் ஏறினால் புதுச்சத்திரம் வருவதற்குள் எண்ணி முடித்துவிடுவேன். நாற்பது பேர் இருந்தால் முப்பத்தைந்து பேர் போனுக்குள் தலையை விட்டிருப்பார்கள். மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் தூங்குவார்கள், ஒருவருக்கு சார்ஜ் தீர்ந்திருக்கும், ஒருவர் டிரைவர். கடைசி ஆள் நான். தலை நிமிர்ந்து, நெஞ்சை விரித்து, மனித குலத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். இறங்கும்போது யாராவது ஒருத்தர் காதில் விழுகிற மாதிரி, "கழுத்து அப்படியே நின்னுக்கப் போவுது சாமி" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

அந்த நிமிர்ந்த தலைக்கு ஒரு காரணம் உண்டு. இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலையில் பாதி தூரத்துக்கு என் போனில் சிக்னல் கிடைக்காது.

எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. இரண்டே ஷெட். நாமக்கல் பக்கம் இதைப் பண்ணை என்று சொன்னால் பெரிய பண்ணைக்காரர்கள் காபியைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். ஆனாலும் சின்னதோ பெரியதோ, எங்கள் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். அன்றைக்கு எவ்வளவு தீவனம், எவ்வளவு தண்ணீர், எத்தனை முட்டை, எத்தனை இறப்பு, எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்று எல்லாம் அதில் ஏறிவிடும். முட்டை ஒழுங்காக விழுவதற்காக விளக்கு போட்டுக் கோழியின் பகலைப் பதினாறு மணி நேரமாக நீட்டுவோம். என் கோழிகளின் முகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் நிமிட சுத்தமாகச் சொல்வேன். என் முகத்தில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற வரைக்கும் நானும் யோக்கியன்தான்.

கேட்டது என் மகள்.

அவள் நாமக்கல்லில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மேற்படிப்புக்குக் கோயம்புத்தூரில் இடம் வாங்கிவிட்டாள். சேர வேண்டியதுதான் பாக்கி. ஹாஸ்டல் பாரத்தில் அப்பன் கையெழுத்து வேண்டும். அந்த அப்பன் இரண்டு வாரமாகப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான். முதலில் ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். பிறகு கோயம்புத்தூரில் குளிரும் என்றேன். சித்திரை மாதத்தில் சொன்னேன். அடுத்ததாக நான் கண்டுபிடித்ததுதான் போன்.

உண்மைக் காரணம் வேறு. அது கொஞ்சம் வெட்கக்கேடானது. நான் சொல்கிற ஜோக்குக்கு எங்கள் வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். மனைவி கல்யாணமான மூன்றாவது மாதத்திலேயே சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மகளும் போய்விட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? பத்தாயிரம் கோழிகளிடமா? இதைப் பாரத்தில் எழுத முடியாது. ஆகவே, பாவம், போன்மீது பழி விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. என் மனைவியின் அண்ணன். லாரி பாடி கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். வெல்டிங் சத்தத்திலேயே இருந்து இருந்து ரகசியத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார். ஆள் கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பிரசங்கம் வந்துவிடும். சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தேன்.

"ஊட்டுல நாம இருக்கறப்பவே இந்தப் புள்ளைங்க போனைக் கீழ வைக்கறதில்ல மச்சான். ஹாஸ்டல்ல கேக்கறதுக்கு யாரு இருக்கறா? இருபத்திநாலு மணி நேரமும் அதேதான். படிப்பா நடக்கும்?"

மகள் எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, உங்க போனக் கொஞ்சம் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏதோ படம் எடுக்கப் போகிறாள் என்று முகத்தை வேறு சரிசெய்துகொண்டேன். அவள் செட்டிங்ஸுக்குள் போய் எங்கேயோ தட்டினாள். பல வர்ணத்தில் ஒரு வட்டம் வந்தது. அப்படி ஒன்று என் போனுக்குள் உட்கார்ந்து என்னை வேவு பார்க்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"நேத்து ஏழு மணி நேரம் நாப்பது நிமிசம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"அது... வியாபாரம். போன் பேசுனது."

"பேசுனது பதினெட்டு நிமிசம்ங்கப்பா."

மச்சான் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "அட, கோழிக்கு லைட்டு போடறதுல பாதி நேரம் மாப்ளைக்கும் போட்டிருக்குது! முட்டை எத்தனைங்க மாப்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். என் ஜோக்குக்கு ஒருநாளும் சிரிக்காத என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, ஏழு நாற்பது, ஏழு நாற்பது என்று சேலம் வண்டி நேரத்தை மனப்பாடம் செய்கிறவன் மாதிரி முணுமுணுத்தேன். போலீஸ் வந்து கதவைத் தட்டினாலும் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். போலீஸிடம் நான் செய்யவில்லை என்று சொல்லலாம். இது எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது.

மகள் அங்கேயே நிபந்தனையைப் போட்டாள். நாளை திங்களில் ஆரம்பித்து அடுத்த ஞாயிறு மத்தியானம் வரைக்கும். இரண்டு போனிலும் உள்ளதைக் கூட்ட வேண்டும். "உங்களோடது கம்மியா இருந்தா நான் நாமக்கல்லயே சேந்து பஸ்ஸுல போயிட்டு வாரேன். என்னோடது கம்மியா இருந்தா நீங்க கையெழுத்துப் போடணும். சரிங்களா?" பாரத்தைக் கொடுக்கக் கடைசி நாள் அதற்கு அடுத்த திங்கள்.

மச்சான் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மீசையைத் தடவி, "சரி கண்ணு" என்றேன். மனைவி பாரத்தை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அதற்குமேல் அதை யாரும் தொடக் கூடாதாம்.

அன்று சாயங்காலமே ராசிபுரத்துக்கு ஓடினேன். போன் ரிப்பேர் கடைத் தம்பியிடம், கரண்ட்டு ஆபீசில் புகார் சொல்கிற குரலில் சொன்னேன்: "தம்பி, இதுல மீட்டரு தாறுமாறா ஓடுது. கொஞ்சம் பாரு."

அவர் வாங்கிப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அண்ணா, மீட்டரு சரியாத்தானுங்க ஓடுது. நீங்கதான் நிக்காம ஓடிட்டு இருக்கறீங்க."

"கொறைக்க முடியாதா?"

"முடியுமுங்கண்ணா. போன எடுக்காம இருந்தா தானா கொறஞ்சுக்கும்."

இந்த மாதிரி ஆட்கள் இருக்கிறவரை நாடு எப்படி முன்னேறும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

திங்கட்கிழமை போனைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, தொடவே கூடாது என்று முடிவு செய்தேன். என் கையைப் பற்றி எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது என் கை இல்லை. தீவனம் அரைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருப்பேன். கை பைக்குப் போகும். இழுத்து இடுப்பில் வைப்பேன், இரண்டு நிமிடம் இருக்கும், மறுபடி போகும். சொறி நாய் காதைச் சொறிவதற்குக்கூட ஒரு காரணம் உண்டு. இந்தக் கைக்கு அதுகூட இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பைக்குள் என்று யோசித்துப் பார்த்தேன். காலை வணக்கம் என்று ரோஜாப்பூவுக்கு மேல் எழுதி அனுப்பும் பதினாறு ஆம்பிளைகள். எல்லோரும் ஐம்பதை நெருங்குகிறவர்கள், பண்ணைக்காரர்கள், மீசை வைத்தவர்கள். நேரில் பார்த்தால் வணக்கம் வைக்காதவன் போனில் விடியும் முன்பே ரோஜாப்பூ அனுப்புகிறான். அதற்கு நான் கை கூப்புகிற பொம்மை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கோபித்துக்கொள்வான். இதற்குத்தான் நான் சொந்தத் தலையைக் குனிந்திருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் போனை எடுத்துத் தவிட்டு மூட்டைக்குள் புதைத்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது: நான் இவ்வளவு நல்லவனாக இருக்கிறேனே, அது மீட்டரில் ஏறியிருக்கிறதா? தவிட்டைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று நிமிடம். ஆஹா! மறுபடி புதைத்தேன். கால் மணி நேரத்தில் மறுபடி தோண்டினேன். நாற்பத்து நான்கு. அந்த ஒரு நிமிடம் எப்படி வந்தது என்று துருவியபோதுதான் புரிந்தது: எவ்வளவு பார்த்தேன் என்று பார்க்கிற நேரத்தையும் அந்தச் சனியன் சேர்த்துக்கொள்கிறது.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் விஞ்ஞானமாகப் போனேன். ஷெட் வாசலில் தொங்குகிற அட்டையில் புதிதாக ஒன்றை எடுத்து எனக்கென்று போட்டு, வீட்டுச் சமையலறைக் கதவில் ஆணியடித்து மாட்டினேன். வெளிச்சம் என்ற இடத்தில் போன் நேரம். தீவனம் என்ற இடத்தில் எத்தனை வேளை சாப்பிட்டேன் என்பது. காலி இடம் இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. முட்டை: இல்லை. இறப்பு: இல்லை.

காபி வைக்க வந்த மனைவி அதைப் படித்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, எந்த ஷெட்டோடதுங்க இது? தீவனம் ஆறு வேளைன்னு இருக்குது, முட்டை ஒண்ணுமே இல்ல. இந்த மாதிரிக் கோழிய வெச்சு என்ன பண்றதுங்க? கழிச்சு உட்ற வேண்டீதுதானே?"

"அது நாந்தாம்புள்ள."

"தெரியுதுங்க. அதான் சொன்னேன்."

புதன்கிழமை முடிவில் என் மூன்று நாள் கூட்டல் ஏழரை மணி நேரம். மகளுடையது கிட்டத்தட்ட எட்டரை. அவளுக்குப் பாடமும் போனில்தான் வருகிறது, தோழிகளும் போனில்தான் வருகிறார்கள்; அவள் ஒளிக்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை. நானோ மூன்று நாளில் இளைத்துக் கறுத்திருந்தேன். ஆனால் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அவள் அட்டையைப் பார்த்துவிட்டு, "பரவால்லைங்கப்பா" என்றாள். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்ததைக் கவனித்தேன். கவனித்தேன் என்று எழுதுகிறேனே தவிர, அப்போது உள்ளுக்குள் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை கோழிகள் என்னைக் கவிழ்த்தன.

வெண்ணந்தூர் ரோட்டுப் பக்கம் அடுத்த ஊரில் மூன்று நாள் கோயில் திருவிழா. விடிந்ததிலிருந்து வேட்டு. முட்டைக்கோழியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை உலகத்தில் பார்க்க முடியாது. திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், கூண்டுக்குள் எம்பிக் குதித்து இறக்கையை ஒடித்துக்கொள்ளும். மறுநாள் ஓடே இல்லாமல் தோல்முட்டையாகப் போடும். அதனால் பண்ணைகளில் எப்போதும் ஷெட்டுக்குள் ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். ஒரே சீராக ஏதோ சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தால் வெளிச்சத்தம் அவ்வளவாகத் திடுக்கிட வைக்காது. என் முதல் ஷெட்டில் இருந்தது முட்டைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது பேட்ச். சரியாக அன்றைக்குப் பார்த்து எலி அந்த ஷெட் ரேடியோவின் உள் ஒயர்களைக் கடித்துத் தின்றுவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் உயிரோடு இருந்தது.

பண்ணையில் வேலை பார்க்கிற அக்கா ஓடி வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர்தான். ஆனால் பண்ணையில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா.

"அண்ணா, ரேடியோ பூடிச்சு. கோழிங்கல்லாம் மெரளுது. உங்க போன குடுங்க, ஸ்பீக்கர்ல மாட்டிப் பாட்டு போட்டுடலாம்."

"என்ற போனா? உங்களோடதுல போடுங்கக்கா."

"என்னுது பட்டன் போனுண்ணா."

மனைவியின் போனைக் கேட்டேன். "என்ற போனு கோழிப்பீயில கெடக்கோணுமா?" என்று சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். மகளுடைய போனைக் கேட்கிற அளவுக்கு அயோக்கியன் இல்லை. அதாவது, கேட்கலாமா என்று யோசித்தேன், மாட்டிக்கொள்வேன் என்று விட்டேன். அதற்குள் அடுத்த வேட்டு. ஷெட்டே ஒரு தரம் எகிறிக் குதித்தது. போனைக் கொடுத்துவிட்டேன்.

பாட்டு போட்ட வீடியோ செயலியில் ஒரு கெட்ட புத்தி உண்டு. திரை அணைந்தால் பாட்டும் நின்றுவிடும். சந்தா கட்டினால் அணைந்தாலும் பாடுமாம். கோழிகளுக்காகச் சந்தா கட்டிய முதல் ஆள் என்று ஊர் சொல்லவேண்டாம் என்று, திரை அணையாதபடி வைத்துவிட்டுத் தீவனத் தொட்டி ஓரம் சாய்த்து நிறுத்தினேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை பாட்டு. வேட்டு வெடித்தது, கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தீவனத்தைக் கொத்தின. அக்காவுக்குச் சந்தோஷம். நான் மணியை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி நேரம்! ஒரே நாளில்!

சரி, எப்படியும் கெட்டது கெட்டுவிட்டது, போனைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் எலி கடித்துவிடும் என்று ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவலுக்குத்தான். வெள்ளிக்கிழமையும் காவல். சனிக்கிழமையும் காவல்.

ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஓர் அற்புதமான யோசனை எனக்கு உதித்தது. இந்த முப்பத்தாறு மணி நேரம் நான் பார்த்ததே இல்லையே! கோழிகள் அல்லவா பார்த்தன? எந்தச் சட்டத்தில் இதை என் தலையில் எழுத முடியும்? இரண்டு நாள் வாய்க்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். இந்தப் பக்கம் வக்கீல், அந்தப் பக்கம் ஒரு ஷெட் நிறையச் சாட்சி. ஒரு சாதாரணப் பயல், பயந்து போனால் எவ்வளவு பெரிய மூளைக்காரன் ஆகிவிடுகிறான் பாருங்கள்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் சமையலறையில் தீர்ப்பு. மனைவி பாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, மேலே பேனாவையும் வைத்தாள். மகள் தன்னுடையதைக் காட்டினாள். ஏழு நாளும் சேர்த்துப் பத்தொன்பது மணி நேரம். பிறகு என் போனை வாங்கிக் கூட்டினாள். ஒரு தரம் கூட்டிவிட்டு நம்பாமல் மறுபடி கூட்டினாள்.

"அப்பா... ஐம்பத்தியோரு மணி நேரம்ங்க."

"இரு சாமி, இரு" என்று எழுந்து நின்றேன். எலி, ரேடியோ, வேட்டு, புது பேட்ச், சந்தா எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினேன். "நாம் பெத்த புள்ள நீ. நியாயத்தச் சொல்லு. கோழி கேட்டதுக்கு அப்பன் எப்பிடிப் பொறுப்பாவான்?"

மனைவி, "இந்த வாய வெச்சுட்டுத்தானுங்க என்னையும் கட்டீட்டு வந்தீங்க" என்றாள்.

மகள் எந்தச் செயலியில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம், நேர்மை. யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் வம்சத்தில் இல்லை.

"சரிங்கப்பா. வீடியோல முப்பத்தாறு மணி நேரம் இருக்குது. அது முழுசும் கோழிக்கே போவட்டும். மிச்சம் பதினஞ்சு. என்னோடது பத்தொம்போது." பாரத்தை எடுத்து நான்காக மடித்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. "நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா. நாளைக்கு நாமக்கல் காலேஜுல போயி பாரம் வாங்கிக்கறேன்."

நான் ஜெயித்தேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டுக்குள் ஒரு விஷயத்தில் ஜெயித்தேன். ஒரு ஜோக் சொல்லலாம் என்று பட்டது. "அந்தக் கோழிகளையும் காலேஜுல சேத்துடலாமா, இப்ப நல்லாப் பாட்டு கத்துக்கிச்சு" என்றேன். மகள் சிரிக்கவில்லை. நான் அவளுக்காக ஒரு நொடி நிறுத்தி, சிரிப்பதற்கு இடம்கூடக் கொடுத்தேன். அப்போதும் சிரிக்கவில்லை. மடித்த பாரத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். எந்தச் சிரிப்பு போய்விடும் என்று மூன்று வாரமாக நடுங்கினேனோ, அது கோயம்புத்தூருக்குப் போகாமலே போய்விட்டது.

அந்த நேரத்தில் பின்வாசலில் அக்கா வந்து நின்றார். கையில் ஷெட் சாவி.

"அண்ணா, ரேடியோவ ரிப்பேரு பண்ணிக் குடுத்துட்டாங்க. நல்லாப் பாடுது. இனிமே உங்க போனு வேணாம்." சாவியை வைத்துவிட்டுத் திரும்பியவர், நினைவு வந்த மாதிரி நின்றார். "ஆமாண்ணா, நேத்து நடுவுல நான் எழுந்து போயிட்டேனே, அந்த ஆப்பிரிக்காவுல போர் போட்டாங்களே, நம்ம திருச்செங்கோட்டு வண்டி... அதுல தண்ணி வந்துச்சா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துச்சுங்கக்கா" என்றேன், மெதுவாக.

"எத்தன அடில?"

"எண்ணூறு."

மகள் என் போனை மறுபடி கையில் எடுத்தாள். அந்தச் செயலிக்குள் இதுவரை என்னென்ன பார்த்தோம் என்று வரிசையாக வைத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். வட்டத்துக்கு அண்ணன். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க ஆரம்பித்தாள்.

"போர் வண்டி ஒண்ணு. போர் வண்டி ரெண்டு. துருப்பிடிச்ச கத்திரிக்கோலப் பளபளன்னு ஆக்கறது. துருப்பிடிச்ச சுத்தியல். அம்பது வயசுக்கு மேல முடி வளர மூணு வழி..." தலையைத் தூக்கினாள். "கோழிக்கு எதுக்குங்கப்பா முடி?"

"சத்தம் ஒரே சீரா இருந்தாப் போதும்னு கோழி டாக்டரு சொல்லியிருக்கறாரு..."

"அண்ணா சோத்துக்குக்கூட எழுந்திரிக்கலம்மா" என்று அக்கா பரிந்து பேசினார். எனக்காகத்தான் பேசினார். "நானே தட்டுல போட்டு ஸ்டூலாண்ட கொண்டாந்து குடுத்தேன். வேட்டு வெடிச்சா கோழிகூடத் திரும்பிப் பாக்குது, அண்ணா திரும்பல. மூணு நாளும் அப்டியே குந்திக்கினு இருந்தாரு, பாவம்."

முதலில் மனைவிதான் ஆரம்பித்தாள். அப்புறம் மகள். மடித்த பாரத்தை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் அக்காவும் சேர்ந்து சிரித்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருடமாக உயிரைக் கொடுத்து நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அந்தச் சமையலறை அப்படிச் சிரித்ததில்லை.

பஸ்ஸில் குனிந்த தலைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அவர்களாவது பஸ்ஸில் குனிந்திருந்தார்கள். போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கோழிப்பீ நாற்றத்துக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, எவனோ எந்த ஊரிலோ கத்திரிக்கோலைத் தேய்ப்பதை மூன்று நாள் பார்த்துவிட்டு, அதைப் பேசத் தெரியாத கோழிகள்மேல் தள்ளி, பெற்ற பிள்ளையின் படிப்பை அமுக்கப் பார்த்தவன். கழுத்து நின்றுபோகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்குக் கழுத்துக்குமேல் ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்த வாரத்தின் கண்டுபிடிப்பு.

பாரத்தைப் பிரித்து நீவினேன். நான்கு மடிப்பும் அப்படியே தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன். மடிப்பின்மேல் பேனா தடுக்கியதால் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. காலேஜிலிருந்து அழைத்துக் கேட்பார்களோ என்று இன்னொரு பயம். கையெழுத்துக்குக் கீழே விடுதி விதிகள் சிறிய எழுத்தில் இருந்தன. கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். பெற்றோர் மாலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை மட்டுமே பேசலாம் என்று ஒரு விதி.

"ஏஞ்சாமி" என்றேன், பாரத்தைப் பார்த்தபடியே. "வீடியோல கூப்புட்டுப் பேசுனா அந்த ஒரு மணி நேரமும் மீட்டர்ல ஏறுமா?"

"ஏறுமுங்கப்பா."

"தெனமும்னா வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஆவுதே."

அவள் பாரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "அதையும் கோழி பேர்ல எழுதிக்கலாமுங்கப்பா" என்றாள்.

மறுநாள் பாரத்தோடு அவளைக் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சமையலறைக் கதவிலிருந்த என் அட்டையைக் கழற்றப் போனேன். அதில் யாரோ எனக்கு முன்பே கை வைத்திருந்தார்கள். முட்டை என்ற இடத்தில் இல்லை என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. இறப்பு என்ற இடத்தில் மட்டும் என் எழுத்தை அடித்துவிட்டு, மனைவியின் குண்டுக் கையெழுத்தில், மானம் ஒன்று என்று இருந்தது.

அட்டையைக் கழற்றவில்லை. இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. விருந்துக்கு வருகிறவர்கள் எந்த ஷெட் என்று கேட்கிறார்கள்.